கடைசிப் பந்தி

உத்திரமேரூர்,
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வளர்மதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உங்கள் மச்சானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஹூப்ளியில் நீங்கள், ஜெகன், கீதா, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதைப் பற்றி நான் விசாரிக்கப்போவதில்லை. போன வாரம் போனில் தொண்டை கிழியக் கத்தினேன், "நைனாவைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க" என்று. நீங்கள் "ஆமாம், இங்கியும் மழைதான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் கீதா படித்துக் காட்டி, அவள் சொல்வதை நீங்கள் தலையாட்டிக் கேட்டு, ஊர்க்கதை எல்லாம் அவள் அம்மா வீடு வரைக்கும் போய்விடுகிறது. அதனால்தான் பழையபடி தபால்.

விஷயம் இதுதான். நவம்பர் முதல் ஞாயிறு நம் சபையில் மூப்பர் ஞாயிறு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலமான மூப்பர்கள் பெயரை எல்லாம் வாசிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து, எங்கள் மூப்பரிடம் நாங்கள் கற்றது இது என்று ஒன்று சொல்லவேண்டும். பிறகு எல்லாரும் கல்லறைக்குப் போவோம். இந்த வருஷம் நம் வீட்டு முறை. உங்களால் வர முடியாது, ஆகையால் நான்தான் மைக் பிடிக்கவேண்டும்.

பெற்ற தகப்பன் என்றாலும் எனக்கு நைனாவைப் பற்றி என்ன தெரியும்? அவர் போகும்போது நான் மூன்றாம் வகுப்பு. மீசை ஞாபகம் இருக்கிறது. கோயிலில் நான் பேசினால் திரும்பிப் பார்க்கிற பார்வை ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் மங்கம்மா அக்கா அவர்கள் அப்பா செங்கேணி மூப்பரைப் பற்றிச் சொன்னார். மழையில் யார் வந்து தட்டினாலும் அவர் வீட்டுக் கதவு திறக்கும் என்று ரெண்டே வாக்கியம், அதற்கே பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். நாம் வெறும் கையோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? நீங்கள்தான் நைனாவோடு பதினெட்டு வயது வரை இருந்தவர். நல்லதாக ஒன்று எழுதுங்கள்.

வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்,

தங்கை வளர்மதி


ஹூப்ளி,
1.10.2024

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஏசடியானின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளையின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. நம் சபை அம்முலு அக்கா அப்போது வாலிபப் பெண். செங்கல்பட்டுப் பக்கத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்து பெருநோய் குணமாகி வீடு வந்திருந்தார். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். வந்த முதல் மாதம் திருவிருந்துக்கு வந்து பெண்கள் பந்தியில் நடுவில் முழங்காலிட்டார். எல்லாரும் வாய் வைக்கிற ஒரே இரசப் பாத்திரத்தில் அவர் குடித்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போதகர் அப்படியே நின்றார். அப்போது நைனா போய் அந்தப் பாத்திரத்தை வாங்கிக் குடித்தார்.

இதைச் சொல். இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதே. யார் பெயரையும் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் ஏசடியான்


உத்திரமேரூர்,
6.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வளர்மதியின் ஸ்தோத்திரம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். என் சுகத்துக்கு என்ன குறைச்சல், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்து நான் அழுதேன். இத்தனை வருஷம் இதை ஏன் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள்? மைக் முன்னால் நின்றதும் முதலில் உங்கள் கடிதத்தைப் பார்த்துத் தொடங்கினேன். பிறகு தானாக வந்தது. பாத்திரம், எழுந்து போன பெண்கள், கையில் பாத்திரத்தோடு நின்ற போதகர், எல்லாம் சொன்னேன். "அந்தப் பாத்திரத்தை வாங்கிக் குடித்தவர் என் தகப்பன்" என்று சொன்னபோது கோயிலில் முக்கால்வாசிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

பெயர் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்முலு அக்கா பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டிக் காட்டி, "அந்தச் சகோதரி இதோ நம் நடுவில் இருக்கிறார்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொன்றும் சேர்த்தேன். அவர் எப்போதும் கடைசிப் பந்திக்குத்தான் வருவார் அல்லவா? எல்லாரும் குடித்து முடித்து, ஆண்கள் பந்தியும் எழுந்து போன பிறகு, தனியாக வந்து முழங்காலிடுவார். நான் விவரம் தெரிந்த நாள் முதல் பார்க்கிறேன். கொரோனாவில் சின்னச் சின்னக் கப்பில் கொடுத்தபோதும் கடைசியில்தான் வந்தார். "இந்தத் தாழ்மையை அவரிடம் நாம் கற்கவேண்டும்" என்று சொன்னேன். நன்றாகத்தானே சொன்னேன்?

ஆராதனை முடிந்ததும் அம்முலு அக்காவிடம் போனேன். மடங்கின விரலால் என் கையைப் பிடித்து, "நல்லா பேசன" என்றார். உடனே பாயைச் சுருட்டப் போய்விட்டார். வயதாகிவிட்டது, உணர்ச்சி மிகுதி.

புதிய போதகருக்கு ஒரே சந்தோஷம். திருவிருந்து மேசைக்குப் பக்கத்துச் சுவரில் நைனா பெயரில் கருங்கல் பதிக்கலாம், ஈஸ்டருக்குத் திறக்கலாம் என்கிறார். சபைக் கமிட்டியும் சரி என்றுவிட்டது.

ஒன்றுதான் புரியவில்லை. மங்கம்மா அக்கா நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போனார். கல்லறைக்கும் வரவில்லை. செங்கேணி மூப்பர் கல்லறையில் ஒரு சாமந்திகூட இல்லை, நானே நம் பூவிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தேன். போன வருஷம் அவருக்குக் கிடைத்த பேர் இந்த வருஷம் நமக்கு வந்துவிட்டதே என்று வயிற்றெரிச்சலா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

உடனே எழுதுங்கள்.

வளர்மதி


ஹூப்ளி,
19.12.2024

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்து. நாங்கள் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். மழையில் சம்பாப் பயிர் சாய்ந்துவிட்டதாக உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கே சொன்னான். நம் நிலம் எப்படி? செய்யாற்றில் தண்ணீர் போகிறதா? பேரன் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டிடையன். என் துண்டைத்தான் தலையில் கட்டிக்கொண்டு போகிறான்.

கல் எல்லாம் எதற்கு, மதி? நைனாவுக்கு ஆடம்பரம் பிடிக்காது. போதகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

பண்டிகையைச் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள்.

அண்ணன் ஏசடியான்


உத்திரமேரூர்,
5.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷ ஸ்தோத்திரம். பயிர் பாதி சாய்ந்தது, பாதி நிமிர்ந்தது. உங்கள் மச்சான் சாய்ந்த பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். மற்றபடி சுகம். ஊசி போட்ட பிறகு படி ஏற முடிகிறதா?

ஆடு, துண்டு, ஆறு எல்லாவற்றையும் எழுதினீர்கள். நான் கேட்ட ஒன்றைத்தான் எழுதவில்லை. கல் ஆடம்பரம் என்று தள்ளுகிறீர்கள். நைனா தன் கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி வைத்தவர் என்று அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன், எனக்கே கதை விடாதீர்கள். கல்லில் வெட்ட வாசகம்கூட எழுதியாகிவிட்டது: "மூப்பர் ஆசீர்வாதம். ஒதுக்கப்பட்ட சகோதரி அருந்திய பாத்திரத்தில் தாமும் அருந்தியவர்." நானும் போதகரும் உட்கார்ந்து எழுதினது. எனக்குப் பிடித்திருக்கிறது.

மங்கம்மா அக்காவை ரேஷன் கடையில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடுவேனா? பக்கத்தில் போய் நின்று, "இன்னாக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணியும் பண்ணல."

"அப்ப ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உங்க அண்ணனக் கேளு. அவரு அங்கதான் இருந்தாரு" என்று சொல்லிவிட்டு வரிசையில் முன்னால் போய்விட்டார்.

கேட்கிறேன் அண்ணா. என்ன அது? உங்களுக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் கீதாவைக் கொண்டு எழுதுங்கள், பரவாயில்லை.

பொங்கலுக்கு முன் பதில் வேண்டும்.

வளர்மதி


உத்திரமேரூர்,
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜெகன் போனில் சொன்னான், நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம், சாப்பிடுகிறீர்களாம். சந்தோஷம்.

இங்கே அறுவடை முடிந்தது. அம்முலு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

கல் வேலை நடக்கிறது.

வளர்மதி


ஹூப்ளி,
21.2.2025

அன்புள்ள மதி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ இவ்வளவு சின்னதாக எழுதி நான் பார்த்ததில்லை. உன் சுகத்தை எழுதவும் இல்லை. அதனால் பயமாக இருக்கிறது.

உண்மையை எழுதுகிறேன். குடித்தவர் நைனா அல்ல.

அன்று நைனா மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் எழுந்து போனதும் அவர் போதகர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினார். "கழுவிக்கினு வரேன் ஐயா" என்று மெல்லச் சொன்னார். ஆண்டவருடைய இரத்தம் என்று சொல்லிக் கொடுத்ததை, அம்முலு அக்கா வாய் வைத்தார் என்பதற்காக, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே கொண்டுபோய் மண்ணில் ஊற்றப்போனார். போதகர் வயதானவர், வெளியூர்க்காரர், தடுக்கவில்லை. நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். செங்கேணி மூப்பர் பின்னாலேயே ஓடிவந்தார். "ஊத்தாத அண்ணா, எனக்குக் குடு" என்று கையைப் பிடித்து வாங்கி, இருந்தது முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அப்புறமும் நைனா பாத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் உள்ளே கொண்டுபோனார். வெளியே நடந்தது, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்த அம்முலு அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும்; செங்கேணி மூப்பர் பிறகு மங்கம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும்.

நைனாவுக்கும் பயம். அன்று காலையில் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "கோயில்ல அவ வந்தா நீ பக்கத்துல போவாத, கைக்கொழந்த இருக்கிற வூடு" என்று சொல்லித்தான் அனுப்பினாள். இதை நியாயம் என்று சொல்லவில்லை.

நீ கேட்டு எழுதினபோது நல்லதாக ஒன்று வேண்டும் என்றாய். எனக்குத் தெரிந்த நல்லதில் பெரியது அதுதான். அது நம் வீட்டுடையது இல்லை. பேனா பிடித்த கையில் ஒரு பெயரை மாற்றினால் போதும் போலிருந்தது. மாற்றிவிட்டேன். அம்முலு அக்கா உயிரோடு இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை. அவர் பேசமாட்டார் என்று நினைத்தேன். அதை நினைத்தால்தான் அதிக வெட்கமாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுது.

அண்ணன்


உத்திரமேரூர்,
8.3.2025

அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். இதை நான் சடங்குக்கு எழுதவில்லை, உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் உங்கள் முழங்கால்மேல் கோபம் இல்லை.

நீங்கள் எழுதினது எனக்கு முன்பே தெரியும். பிப்ரவரி கடிதம் எழுதும்போதே தெரியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன்.

ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாதோ, எழுதக் கை வரவில்லையோ. அன்று அம்முலு அக்கா வீட்டில் நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், எங்கள் நைனா குடித்தாரா என்று. அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே செங்கேணி மூப்பர் குடித்ததைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு அவரே சொன்னார்.

"கோயிலு முடிஞ்சி எல்லாரும் போனப்புறம் உங்க நைனா என்னான்ட வந்தாரு. இனிமே நீ கடைசியா வா, எல்லாரும் குடிச்சப்புறம், அப்ப யாருக்கும் பேஜாரில்லன்னாரு. நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு. நானும் வந்துகினு கீறேன்."

"இத்தினி வருசமாவா அக்கா?"

"யாரு வாணாம்னாங்க?"

அண்ணா, அதைத்தான் நான் மைக்கில் தாழ்மை என்று சொன்னேன். நைனா போட்ட உத்தரவைத்தான் ஊரே திரும்பிப் பார்க்க, அவரைக் கையால் காட்டி, இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நைனா போய்ச் சேர்ந்தார், அந்தப் போதகர் போனார், பெருநோயே இந்தப் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. இவர் மட்டும் மாதாமாதம் கடைசியில் வந்து முழங்காலிடுகிறார். நான் முதல் பந்தியில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து நெகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். "மைக்கு உன் கையில இருந்துச்சு" என்றார்.

இப்போது என் பங்கு. உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. இது தெரிந்த பிறகும் நான் போதகரிடம் போகவில்லை. கல்வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நவம்பருக்குப் பிறகு எனக்கு இங்கே தனி மரியாதை. குழாயடியில் குடத்தை நகர்த்தி இடம் விடுகிறார்கள். பக்கத்துச் சபைகளெல்லாம் கூடுகிற சேகரக் கூட்டத்தில் போதகர் என்னை "பாத்திரம் வாங்கிக் குடித்த மூப்பரின் மகள்" என்று எழுப்பிக் காட்டினார். தெரிந்த பிறகுதான் அந்தக் கூட்டம். நான் எழுந்து கையும் கூப்பினேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன். நீங்கள் ஒரு கடிதத்தில் செய்ததை நான் தினமும் செய்தேன்.

ஈஸ்டர் ஏப்ரல் இருபது. அதற்கு முன் சபையில் சொல்லவேண்டும். நீங்களும் வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று சொல்வோம். தனியாக நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வளர்மதி


ஹூப்ளி,
24.3.2025

அன்புள்ள மதி,

அண்ணன் ஆசீர்வாதம். சுகத்துக்குக் குறைவில்லை. கடைசியா வா என்று நைனா சொன்னது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அம்முலு அக்கா கடைசியில் வருவது தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நான் வர முடியாது. முழங்கால் என்று எழுத இருந்தேன். முழங்கால் இல்லை, வெட்கம். அந்த மக்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கல்லை நிறுத்திவிடு. குடித்தவர் செங்கேணி மூப்பர் என்று சொல்லிவிடு, எனக்குத் தவறாக ஞாபகம் இருந்ததாகச் சொல். அதோடு போதாதா? நைனா கழுவினதையும், அவர் சொன்னதையும் சொல்லித்தான் ஆகவேண்டுமா? காலரா வந்த வருஷம் யாரும் தொடாத பிணங்களை அவர் தோளில் சுமந்தார். இதுவும் உண்மை. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது, அம்மா.

அண்ணன் ஏசடியான்


உத்திரமேரூர்,
30.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்தெழுந்தவர் உங்களைத் தாங்குவாராக. நாங்கள் சுகம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

காலராப் பிணங்களை நைனா சுமந்ததை நானும் சொல்லத்தான் செய்தேன். ஆனால் மீதியை விட முடியவில்லை. செத்தவர் பதில் சொல்ல முடியாது என்கிறீர்கள். உயிரோடிருக்கிறவரை நாம் ஒரு பதிலும் கேட்கவில்லையே.

முதலில் போதகரிடம் போனேன். பாவம், அவர் நாற்காலியில் நெளிந்தார். "கல்லை நிறுத்திவிடலாம் சிஸ்டர். சபையில் சொல்லி எதற்கு மனவருத்தம்?" என்றார். சபையில் சொன்ன பொய்யை உங்கள் அறையில் வந்து திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன். பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு, திருவிருந்துக்கு முன்னால், மைக் கொடுத்தார்.

மங்கம்மா அக்கா வீட்டுக்கும் போனேன். கல்லில் செங்கேணி மூப்பர் பெயரை வெட்டலாம் என்றேன். "எங்கப்பாரு கல்லுக்கா குடிச்சாரு?" என்றார். அவ்வளவுதான். ஆனால் மோர் கொடுத்தார்.

ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குடித்தவர் யார், கழுவினவர் யார், கடைசியா வா என்றவர் யார், தெரிந்தும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள் யார். உங்கள் கடிதத்தையும் சொன்னேன், மன்னியுங்கள். கோயிலில் ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வெட்கப்படுவது எனக்காகவா தங்களுக்காகவா என்று தெரியவில்லை. என் புடவைத் தலைப்பு கையில் முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். நமக்குத்தான் பேச்சை ஒரு பாடத்தோடு முடிக்காவிட்டால் இருப்புக் கொள்ளாதே. "இவ்வளவும் நடந்தும் அம்முலு அக்கா நம் எல்லாரையும் மன்னித்துவிட்டார். இதுதான் நாம் கற்கவேண்டியது" என்றேன்.

பின்னால் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் எப்ப மன்னிச்சேன்?"

அம்முலு அக்கா கையை ஊன்றி எழுந்து நின்றார். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"அன்னிக்கு என் தாழ்மைன்னு நீயா சொன்ன. இன்னிக்கு மன்னிச்சிட்டேன்னு நீயா சொல்ற. என்னிய யாரு கேட்டாங்க? கேட்டா சொல்லலாம். இல்லாட்டி சொல்லாமலே பூடலாம்."

அண்ணா, நவம்பரில் பட்ட பெருமை, பிப்ரவரியில் பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. குழி வெட்டி என்னை இறக்கிவிடுங்கள் என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் அவர் வாயில் என் வார்த்தையை வைத்துவிட்டேன்.

அவர் நடந்து வந்தார். எல்லாரையும் தாண்டி முன்னால் வந்து, மேசைக்கு எதிரே நடுவில் முழங்காலிட்டார். அதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயா, எனக்கு மொதல்ல குடுங்க" என்றார். போதகர் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

நான் மைக்கை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் அவருக்கு வலப்பக்கம் முழங்காலிட்டேன். இடப்பக்கம் மங்கம்மா அக்கா வந்தார். பாத்திரம் என்னிடம் வந்தது. விளிம்பு ஈரமாக இருந்தது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், டாக்டர் எழுதிக் கொடுத்ததும், எத்தனையோ வருஷம் ஆனதும் எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நொடி என் உதடு பின்வாங்கியது. நைனாவை அந்த நொடியில்தான் நான் நன்றாகப் பார்த்தேன். பிறகு குடித்தேன்.

எங்களுக்குப் பின்னால் பந்தி நிறைந்தது என்று எழுத ஆசை. நிறையவில்லை. சிலர் வந்தார்கள். சிலர் தலைவலி, குழந்தை அழுகிறது என்று செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் இப்போது யாரும் குடத்தை நகர்த்துவதில்லை. கல் நம் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. துணி துவைக்க ஆகும் என்கிறார் உங்கள் மச்சான்.

அன்று சாயங்காலம் அம்முலு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, ஒரு பாடமும் சேர்க்காமல், "நைனா பண்ணதுக்கும் நான் பண்ணதுக்கும் மன்னிப்பு கேக்க வந்தேன் அக்கா" என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "கேட்டுட்ட இல்ல? போ. எனக்குத் தோணும்போது சொல்றேன்" என்றார்.

ஈஸ்டர் வந்து போனது. அன்றும் அவர்தான் முதலில் முழங்காலிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் சொல்லவில்லை.

அவருக்கு நீங்கள் கடிதம் எழுதிவிடாதீர்கள் அண்ணா. நாம் எழுதினது போதும். முழங்கால் வலியோடு ஒரு ரயில் ஏறி வாருங்கள். வந்து அவர் வாசலில் நின்று கேளுங்கள். அவர் சொல்வாரா மாட்டாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாமலே நிற்கவேண்டும்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,

தங்கை வளர்மதி